இளைப்பாறுங் காலம் யாருடையது?

உத்தியோகத்தினின்றும் இளைப்பாறுதல் என்பது நம் முன்னோர் பெரிதும் அறியாத வழக்கம். உழவன் உடல் தளருங்காறும் உழுதான். குயவன் கை நடுங்குங்காறும் வனைந்தான். இத்தனை வயது நிரம்பின் தொழிலை விடுக, விட்டபின் ஓய்வூதியம் பெறுக என்னும் ஏற்பாடு ஜெர்மனி தேசத்தில் பிஸ்மார்க் முதன்மந்திரியாயிருந்த காலத்தில், 1889ஆம் ஆண்டில், தொழிலாளர்க்குரிய சட்டமாக எழுந்தது. அச்சட்டம் குறித்த வயது 70. 1916இல் அது 65 ஆகக் குறைந்தது. நம் இலங்கையில் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசாங்க ஊழியர் இளைப்பாறும் வயது 65 ஆக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு நேர்ந்த பொருளாதார இடரின் பின் அது மீட்டும் 60 ஆக்கப்பட்டது. ஆதலின் 60 கடந்தோர் பல்லாயிரவர் அவ்வாண்டு டிசெம்பர் 31ஆந் திகதியோடு ஒருங்கே பணி நீங்கினர். இன்னுஞ் சில ஆண்டு உண்டென்று எண்ணியிருந்தோர் மறுநாட் காலையிற் போதற்கு ஓர் அலுவலகமின்றி எழுந்தனர். அவர்தம் மனைவியரோ எந்நாளும் எழும் நேரத்திலேயே எழுந்து அடுப்பு மூட்டினர்.

இளைப்பாறினோர்க்கு எஞ்சுங் காலம் சிறிதன்று. 60 வயது நிரம்பினோர் மேலும் ஏறக்குறைய இருபது ஆண்டு வாழ்தல் இக்காலத்து இயல்பாயிற்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இத்தீவினருள் நூற்றுவர்க்குப் பன்னிருவரின் மேற்பட்டோர் 60 வயது கடந்தோராய்க் காணப்பட்டனர். இந்நீண்ட காலத்தை ஒரு கூரையின்கீழ் இருவர் எவ்வாறு கழிப்பது? கணவன் பல்லாண்டு ஒதுக்கிவைத்த தன் விருப்பத்தொழிலை இனிச் செய்ய விழைகின்றான். மனைவி பல்லாண்டு ஒதுக்கிவைத்த தன் எண்ணங்களை இனி நிறைவேற்ற விழைகின்றாள். இரண்டும் ஒரே காலத்தையும் ஒரே பணத்தையும் வேண்டி நிற்கின்றன. இவற்றை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த விஷயம்.

பொதுப்படக் கூறின் இவ்விஷயம் எளிதிற் புலப்படாது. ஆதலின் எமதூராகிய வண்ணாத்திவில்லில் ஓர் இல்லத்தைக் கருதிக்கொள்வோம். புத்தளத்திலிருந்து வடக்கே எழுவன்குளத்துக்குச் செல்லும் வழியிலுள்ள இவ்வூர் வறண்ட நிலம், மரமுந்திரிகைக்குப் பேர்பெற்றது. மேற்கே களப்பு; வடக்கே கலா ஓயா கடலொடு கலக்கும் முகத்துவாரமும் கண்டற்காடும்; அதற்கப்பால் வில்பத்து வனம். இங்கே ஓர் உபாத்தியாயர் இளைப்பாறினார் என்று வைத்துக்கொள்வோம். அவர்க்கு இரண்டு விருப்பம் உள. ஒன்று, வளவிலுள்ள மரமுந்திரிகைத் தோட்டத்தைத் திருத்தி ஒட்டுக்கன்று வைத்தல். மற்றொன்று, மாரிகாலத்திலே களப்போரம் வந்திறங்கும் பறவைகளை விடியற்காலையிற் சென்று பார்த்துக் குறிப்பெழுதுதல். அவர்தம் மனைவியார்க்கோ வேறு எண்ணம். உடப்பிலிருக்குந் தமக்கையோடு திரௌபதையம்மன் ஆடித் திருவிழா முழுவதும் தங்கியிருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டு காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே தொடங்கிய கப்பலில் ஏறிச் சிதம்பரஞ் சென்று வரவேண்டும். கனடாவிலுள்ள மகளின் பிள்ளையைச் சில மாதம் மடியில் வைத்து வளர்க்க வேண்டும். இவ்விருவர் விருப்பத்தில் ஒன்றேனும் தீயதன்று. இரண்டு நல்லவை எதிர்நிற்கும்போதே நியாயம் ஆராய்தல் அரிதாகின்றது.

ஒருசாரார் கூறுவர்: "முப்பத்தைந்து ஆண்டு உழைத்தவர் அவர், ஓய்வு அவருடையது, அதனை அவர் தம் விருப்பப்படி செலவிடுதலே நீதி" என்று. இக்கூற்று முதலில் நேரிதுபோலத் தோன்றும். ஆயின் அந்த முப்பத்தைந்து ஆண்டும் அவர் காலை ஏழு மணிக்குப் பாடசாலை வாயிலில் நின்றது எதனால்? ஐந்து மணிக்கு ஒருவர் எழுந்து சோறாக்கியதனால். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளில் ஒருவர் வைத்தியசாலையிற் காத்திருந்ததனால். இடமாற்றக் கடிதம் வருந்தோறும் ஒருவர் வாய் திறவாது சட்டிபானைகளைக் கட்டியதனால். சம்பளப் பத்திரத்தில் ஒருவர் பெயரே எழுதப்படினும், அச்சம்பளம் இருவர் உழைப்பின் பயன். அவ்வாறாயின் அதன் பின்வரும் ஓய்வும் இருவர்க்கும் உரித்தாதல் வேண்டுமன்றோ?

கிறித்தவ மிஷனார் நிறுவிய பாடசாலையில் யாம் பயின்ற காலத்து, விவிலிய நூலின் பத்துக் கற்பனைகளையும் மனனஞ் செய்தோம். அவற்றுள் ஓய்வுநாளைப் பற்றிய கற்பனை, அந்நாளில் வேலை செய்யலாகாதோரை ஒவ்வொருவராகப் பெயர் குறிக்கின்றது: நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, உன் மிருகசீவன்கள், உன்னிடத்தில் இருக்கும் அந்நியன். இத்தொகையில் மனைவி என்னுஞ் சொல் இல்லை. முன்னிலைச் சொல்லில் அவளும் அடங்குவாள் என்று உரைகாரர் கொள்ளலாம். அதனை யாம் மறுக்கவில்லை. எனினும் எருதுக்கும் ஓய்வு கொடுத்த நாளிலும் உணவு சமைத்துப் பரிமாறுங் கை ஒன்று உண்டென்பது எல்லாச் சமயத்து இல்லங்களிலும் ஒக்கக் காணப்படுவது. நம் சைவ இல்லங்களில் விரதநாட்களிலே அடுப்படி வேலை பெருகுகின்றதேயன்றிக் குறைகின்றதில்லை. இலங்கையில் 2017ஆம் ஆண்டு அரசாங்கப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய காலப் பயன்பாட்டு ஆராய்ச்சியும், ஊதியமில்லா வீட்டுவேலையிற் பெண்கள் செலவிடும் நேரம் ஆடவரினும் மிகப் பெரிதென்றே காட்டிற்று. ஆகவே கணவன் இளைப்பாறினான் என்பதனால் மனைவியும் இளைப்பாறினாள் என்று ஆகாது. அவள் பணிக்கு இளைப்பாறும் வயதை எந்த அரசாங்கமும் விதித்திலது.

மற்றொருசாரார் இதற்கு எதிர்முகமாக, "பறவை பார்த்தலும் ஒட்டுக்கன்று வைத்தலும் வீண் பொழுதுபோக்கு, முதுமையில் ஒருவன் குடும்பத்தார் வேண்டுவனவற்றைச் செய்துகொண்டிருத்தலே அமையும்" என்பர். இதுவும் பொருந்தாது. தனக்கென ஒரு தொழிலில்லாதவன் பிறர் தொழிலிற் கையிடுவான். நாள்முழுதும் அடுப்படி வாயிலில் நின்று உப்பையும் புளியையும் விசாரிப்பான். யப்பான் தேசத்தில் ஒரு வைத்தியர், கணவன் இளைப்பாறி நாள்தோறும் வீட்டிலிருத்தலால் மனைவியர்க்கு உண்டாகும் நோய்க்குறிகளைக் கண்டு, அவற்றிற்கென ஒரு பெயரையே 1991ஆம் ஆண்டில் வழங்கினார். 2007ஆம் ஆண்டு முதல் அங்கே மணவிலக்குப் பெறும் மனைவி, கணவன் ஓய்வூதிய உரிமையிற் பாதிவரை பெறுதற்குச் சட்டம் இடந்தந்தது. ஓய்வூதியம் இருவர் உழைப்பின் பயனென்று யாம் மேலே கூறியதை அச்சட்டம் வேறொரு வழியால் ஒப்புக்கொண்டதாகும்.

விருப்பத்தொழில் மனிதனைத் தாங்குவது. உரோமாபுரிச் சிசரோ கி.மு. 44ஆம் ஆண்டில் முதுமையைக் குறித்து எழுதிய நூலிற் பேசுவோராகிய கேட்டோ என்னும் பெரியார், தாம் முதிர்ந்த வயதிற் கிரேக்க மொழி கற்றதை மகிழ்ந்து எடுத்துரைக்கின்றார். நம் புத்தளப் பகுதிக்கே பெருமை தந்த சைமன் காசிச்செட்டியவர்கள் (1807–1860) கற்பிட்டியிற் பிறந்தவர். அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே 1834இல் இலங்கைத் தேசவிபரங்களைத் தொகுத்த நூலையும், 1859இல் தமிழ்ப் புலவர் சரித்திரங்கூறும் 'தமிழ் புளூட்டாக்' என்னும் ஆங்கில நூலையும் வெளியிட்டார். அவர் இளைப்பாறுங் காலத்தை நோக்கிக் காத்திருந்தாராயின் அந்நூல்கள் தோன்றியிரா. சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் சென்னையில் அரசாங்க உத்தியோகத்தை விட்டபின்னும் ஏடு தேடி ஒப்புநோக்குதலை விட்டாரில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும் கலித்தொகை 1887இலும் அவரால் அச்சேறின. இவற்றை வீண் பொழுதுபோக்கென்று யார் துணிந்து கூறுவர்? இத்துணைப் பயன் விளையாததாயினும், களப்போரத்துக் கொக்கைப் பார்த்து நாட்குறிப்பு எழுதுபவர் தம் மனத்தை நேராக வைத்திருக்கின்றார். அது இல்லத்தார்க்கும் நன்மையே.

இனி முன்னோர் நூல்கள் இதுபற்றி யாது கூறுகின்றன? தோல் திரைந்து மயிர் நரைத்துப் பேரன் முகங் கண்ட இல்லறத்தான் வனம் புகலாமென்று மனுநூல் விதிக்கின்றது. ஆங்கும், மனைவியைப் புதல்வரிடத்து ஒப்புவித்தேனும் அவளை உடன்கொண்டேனும் செல்க என்னும் நிபந்தனை உண்டு. தன் ஆன்மலாபத்தையே கருதிப் புறப்படுவானும் அவள் நிலையைத் தீர்த்துவிட்டே புறப்படல் வேண்டுமென்பது கருத்து. பிருகதாரணியக உபநிடதத்திலே யாஞ்ஞவற்கிய முனிவர் இல்லந் துறக்கும்போது, மைத்திரேயியை அழைத்து, உனக்கும் காத்தியாயனிக்கும் பொருளைப் பாகஞ் செய்துவைக்கின்றேன் என்றார். மைத்திரேயியார் பொருளாற் சாவாமை எய்துமோ என்று வினவி, ஞானோபதேசம் பெற்றார். இதனை நம்மவர் பலமுறை எடுத்துரைப்பர். ஆயின் காத்தியாயனியார் யாது சொன்னார்? ஆண்டு அவர் வாய்மொழியாக ஒன்றும் இல்லை. பொருளிற் பங்கு கிடைத்தது, கேள்வி கேட்கப்பட்டிலது. நம் இல்லங்களில் மைத்திரேயியாரினும் காத்தியாயனியாரே பலர். கேளாதிருத்தலை உடன்பாடென்று கொள்ளுதல் எளிது. அவ்வெளிமையே ஈண்டு நிகழும் பிழைகளுக்கு வித்து.

நோக்கம் உயர்ந்ததாயின் இப்பிழை நீங்குமோ எனின், நீங்காது. உருசிய தேசத்து டால்ஸ்டாய் என்னும் பெரியாரது முடிவு இதற்குச் சான்று. அவர் 1862இல் மணந்த சோபியா அம்மையார் பதின்மூன்று மக்களைப் பெற்றவர். கணவர் எழுதிய பெருநூல்களைத் தம் கையாற் பலமுறை படியெடுத்தவர். பிற்காலத்து டால்ஸ்டாய் சொத்தையும் நூலுரிமையையும் துறந்து எளிய வாழ்க்கை வாழத் துணிந்தார். அம்மையாரோ மக்களின் சீவனத்தை நினைந்து அதனை எதிர்த்தார். முடிவில் 1910ஆம் ஆண்டு, தம் 82ஆம் வயதில், மனைவி அறியாவண்ணம் இரவிற் புறப்பட்ட அவர், சில நாளில் அஸ்தாபோவோ என்னும் புகையிரத நிலையத்தில் இறந்தார். ஓடிவந்த மனைவி, அவர் அறிவு மயங்கிய இறுதி வேளையிலன்றி உள்ளே விடப்பட்டிலர். நாற்பத்தெட்டு ஆண்டு இல்லறம் ஒரு நிலையத்து அதிபரின் வீட்டு வாயிலில் அவ்வாறு முடிந்தது. அவர் கொள்கை பெரிதென்பதில் ஐயமின்று. ஆயின் இருவர் சேர்ந்து கட்டிய வீட்டை ஒருவர் தனித்து அவிழ்க்க முயன்றால் உயர்ந்த கொள்கையும் துயரமாய் முடியும்.

ஆகவே, "மனைவி எவ்வளவு நேரம் விடுகை தருவாள்?" என்று கணவன் கேட்டல் பிழையான வினா. "விருப்பத்தொழிலுக்கு எவ்வளவு இடங்கொடுக்கலாம்?" என்று மனைவி கேட்டலும் அத்தகையதே. விடுகை தருவாரும் பெறுவாருமாக அமைந்த இல்லத்தில் உடையார் இல்லார் என்னும் பேதம் புகுந்துவிடுகின்றது. காலம் இருவர்க்கும் பொதுவுடைமை என்று முதலில் ஒப்புக்கொள்க. பின்னர் மூன்று கணக்குப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது உழைப்பின் கணக்கு. வீட்டுவேலையைப் பங்கிட்டபின்பே ஓய்வைப் பங்கிடலாம். அன்றியும், ஒருவர் விருப்பத்தொழில் மற்றவர் உழைப்பை உண்கின்றதா என்று நோக்குக. மேலே கருதிய உபாத்தியாயர் மரமுந்திரிகைக்கு ஒட்டு வைத்தல் இன்பமே. கொட்டை உதிருங் கோடையில் அதனைப் பொறுக்குவார் யார்? சுட்டுத் தோடு உடைப்பார் யார்? அத்தோட்டு எண்ணெய் கையைப் புண்ணாக்குவதென்பதை இவ்வூர்ப் பெண்கள் அறிவர். ஒருவர் பொழுதுபோக்கு மற்றவர்க்குக் கூலியில்லா வேலையாக முடியின் அது பொழுதுபோக்கன்று. பழைய உத்தியோகம் வேறு வேடத்தில் வந்ததே.

இரண்டாவது பொருளின் கணக்கு. ஓய்வூதியம் பெருகுவதரிது, விலையோ ஏறும். 2022 செப்டெம்பரில் இந்நாட்டில் விலைகள் முந்திய ஆண்டினும் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது வீதம் ஏறினமையை நாம் மறக்கவில்லை. அத்தகைய காலம் மீட்டும் வாராதென்று உறுதி கூறுவாரில்லை. ஆதலின் பறவை பார்க்கத் தொலைநோக்கி வாங்குதலாயினும், சிதம்பர யாத்திரைக்குக் கட்டணஞ் செலுத்துதலாயினும், பெருஞ்செலவு மற்றவர் அறியாமல் நிகழலாகாது. சிறுசெலவுக்கோ ஒவ்வொருவரும் கணக்குக் கூறவேண்டாத ஒரு சிறுதொகை தம் கையில் வைத்திருத்தல் நன்று. உபாத்தியாயர்க்குப் புத்தகம் வாங்குதற்கும் அம்மையார்க்கு விரும்பியவாறு கொடுத்தற்கும் அது உதவும்.

மூன்றாவது, பெரும்பாலோர் மறப்பது, நிலுவையின் கணக்கு. சில விஷயங்களைச் சரிபாதியாகப் பிரித்தல் இயலாது. வண்ணாத்திவில்லிலும் கனடாவிலும் ஒருங்கே வாழ முடியாது. தோட்டத்தைப் பெட்டியிலிட்டுக் கொண்டுபோகவும் முடியாது. அத்தகைய இடத்தில் யார் விட்டுக்கொடுப்பது? இதுவரை யார் விட்டுக்கொடுத்தாரோ அவருக்கு மற்றவர் விட்டுக்கொடுத்தலே நீதி என்று யாம் துணிகின்றோம். முப்பத்தைந்து ஆண்டும் கணவன் இடமாற்றத்தின் பின்னே மனைவி சென்றாளாயின், அடுத்த இடத்தைக் குறிக்கும் உரிமை அவளுடையது. அதனைக் கொடுத்தல் தயவன்று, கடன் தீர்த்தல். அக்கடன் அடைபடுங்காறும் தோட்டத்தை அயலவர் ஒருவரிடம் ஒப்புவிக்கலாம். பறவைகள் அடுத்த மாரியிலும் வரும். பேரக்குழந்தையின் முதலாண்டு மீண்டு வாராது. அக்கடன் தீர்ந்தபின் அவர் தோட்டத்துக்குத் திரும்ப விரும்பின் அவ்விருப்பத்தை அம்மையார் தடுத்தலும் நியாயமன்று.

இந்நிலுவை எப்போதும் மனைவிக்கே சேர்வதென்று யாம் கூறவில்லை. இக்காலத்து இலங்கை ஆசிரியருட் பெரும்பாலார் பெண்களே. மனைவி இளைப்பாறி வர, அவள் உத்தியோகத்துக்காகத் தன் ஊரையும் தொழிலையும் விட்டுவந்த கணவர் உளராயின், அவர்க்கும் இதே நீதி. நோயுற்ற மனைவியைப் பல்லாண்டு பேணிய கணவன் விடியற்காலை ஒரு மணிநேரம் களப்போரஞ் செல்லுதலையும் ஒருவர் பொறாராயின் அதுவும் அறமன்று. கணக்கு ஒன்றே, எழுதப்படும் பெயரே வேறாகும்.

கணக்குப் பார்த்தல் அன்புக்கு மாறன்றோ என்று சில அன்பர் வினவலாம். கணக்கே பாராத இல்லத்தில் ஒருவர் மனத்துள் இரகசியமாகக் கணக்கு எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். வெளிப்படப் பார்த்த கணக்கு ஒருநாள் தீர்ந்துவிடும். மனத்துள் எழுதிய கணக்குக்குத் தீர்வில்லை. அதுவே முதுமையிற் சிறு சொல்லுக்கும் பெருஞ்சினமாக வெடிக்கின்றது.

தில்லையிற் குயவராய் வாழ்ந்த திருநீலகண்ட நாயனார் சரித்திரத்தை நினைவுகூர்வோம். கணவர் செய்த பிழையால் ஊடிய மனைவியார் தீண்டலாகாதென்று ஆணையிட, இருவரும் ஒரு மனையிலேயே இளமை நீங்கி முதுமை எய்துங்காறும், அயலார் அறியாவண்ணம், இல்லறக் கடன் யாவுஞ் செய்து தீண்டாது வாழ்ந்தனர். முடிவில் சிவயோகியார் பொருட்டு ஒரு மூங்கிற்கோலின் இரு முனையையும் இருவரும் பற்றிக் குளத்தில் இறங்கவும், அதுகாறும் மறைந்திருந்த காரணத்தைக் கணவர் யாவரும் கேட்ப எடுத்துக் கூறவும் நேர்ந்தது. கூறி மூழ்கி எழுந்தபோது இழந்த இளமையை இருவரும் பெற்றனர் என்பது வரலாறு. ஒரு கூரையின்கீழ் ஒழுங்காக நடக்கும் இல்லத்திலும் சொல்லப்படாதது ஒன்று நெடுங்காலம் கிடக்கலாமென்பதும், அதனைச் சொல்லுதற்கு முதுமையும் காலந்தாழ்ந்ததன்று என்பதும் நாம் ஈண்டுக் கொள்ளத்தக்கன.

ஆதலால், இளைப்பாறுதற்கு ஓராண்டு உள்ளோர்க்கு யாம் கூறுவது இதுவே. யாமும் அவ்வாயிலை அணுகிக்கொண்டிருக்கின்றோம். ஒருநாள் மாலை இருவரும் அமர்ந்து, தாம் இன்னும் செய்ய விரும்பியும் செய்யாதிருப்பவை எவை என்று ஒருவரையொருவர் வினவுக. கணவன் முதலிற் கேட்க. மனைவி முதலிற் கூறுக. காலைப் பொழுதில் இன்ன நேரம் அவரவர்க்கே உரியதென்று வரையறுக்க. அந்நேரத்து ஒருவர் மற்றவரை அழைத்தல் தவிர்க. சமையலில் ஒரு வேளையையேனும் கணவன் கற்றுக்கொள்க. தன் விருப்பத்துக்கு மற்றவரைத் துணைவரக் கட்டாயப்படுத்தாதொழிக. களப்போரக் காற்று ஒருவர்க்கு இன்பமாயின் மற்றவர்க்கு முழங்கால் நோவு. இருவர்க்கும் பொதுவாக ஒன்றை மாத்திரம் தெரிந்துகொள்க. அது மாலையிற் கோயிலுக்கு நடந்து போதலாயினும் போதும். இவை சிறியனவே. ஆயினும் உத்தியோக காலத்திற் செய்யாது விட்டவை பெரும்பாலும் இத்தகைய சிறியனவே. அவற்றைச் செய்தற்கு இனி நேரமில்லை என்று சொல்ல இயலாது.